கம்ப்யூட்டர் வரவில்லை!

2021-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் எங்கள் சென்னை வீட்டுக்கு மேஜைக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கப் பணம் கட்டினேன். பள்ளிக்கூடங்கள் அடைபட்டு, பாடமெல்லாம் திரையில் நடந்த காலம் அது. பத்து நாளில் வந்துவிடும் என்றார்கள். இரண்டு மாதமாகியும் வரவில்லை. குழந்தையோ என் கைபேசியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கணக்குப் படித்தாள்.

"சூயஸ் கால்வாயில் கப்பல் சிக்கிக்கொண்டதல்லவா? அதுதான் ஸார் காரணம்!" என்றார் அடுத்த வீட்டுக்காரர். ஆறு நாள் வழியடைத்த அக்கப்பல் மார்ச்சு 29-ந் தேதியே மிதந்துவிட்டது. அன்றியும், சீனத்திலிருந்து சென்னைக்கு வரும் சரக்கு சூயஸ் பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை.

எனக்குத் தோன்றிய காரணம் வேறு. அப்போது உலகத்தார் அனைவருக்கும் ஒரே சமயத்தில் கம்ப்யூட்டர் வேண்டியிருந்தது. அதன் மூளையாகிய சில்லுகளில் உயர்ந்த ரகத்தைப் பெரும்பாலும் செய்யும் தைவானிலோ கடும் வறட்சி. சில்லுகளைக் கழுவ லாரிகளில் தண்ணீர் கொண்டுபோனார்கள். தண்ணீர் லாரிக்குக் காத்து நின்ற சென்னைவாசிக்கு இந்தக் கஷ்டம் விளங்காதா?

அயலாரைக் குறைகூறி என்ன பயன்? நாமும் 1984-இல் மொஹாலியில் சில்லுகள் செய்யத் தொடங்கியவர்களே. 1989-இல் அத்தொழிற்சாலை தீக்கு இரையாயிற்று. பிறகு உலகத்தின் வேகத்தை நாம் எட்டிப் பிடிக்கவில்லை.

என் கம்ப்யூட்டர் ஒருவாறு ஜூலையில் வந்து சேர்ந்தது. அதன் தாமதம் மூன்று மாதம். நம்முடைய தாமதம் முப்பது வருஷத்துக்கு மேல்.