மிச்ச நேரமும் ஜெப நேரமும்

அகதியாய் வந்து சேர்ந்த நாட்டிலே திருச்சபை என்பது ஆராதனைக்கு மட்டும் உரிய இடமாக இருப்பதில்லை. அலுவலகக் கடிதங்களை மொழிபெயர்த்துக் கொடுப்பதும், வைத்தியரிடம் துணைக்குப் போவதும், மரணவீட்டு ஒழுங்குகளைச் செய்வதும், சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிப்பதும் சபையின் தலையிலேயே விழுகின்றன. யாவும் நல்ல வேலைகள். அவற்றைக் குறைகூற நாம் முன்வரவில்லை. ஆயினும் இந்த ஜேர்மனியில் எமது சபைக் கூட்டங்களை நோக்குமிடத்து ஒன்று தெளிவாகின்றது. தொடக்க ஜெபம் இரண்டு நிமிடம்; மண்டப வாடகையும் ஒளிவிழாச் சாப்பாடும் பற்றிய விவாதம் இரண்டு மணித்தியாலம். மிஞ்சிய நேரமே ஜெபத்திற்கு, மிஞ்சுவதோ அரிது.

இது புதிய சிக்கலன்று. எருசலேமின் முதற்சபையிலேயே, அன்றாட உணவுப் பங்கீட்டில் தம் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லையென்று கிரேக்க மொழி பேசிய யூதர் முறையிட்டதை அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரத்திற் காண்கிறோம். அப்போஸ்தலர் பந்தி விசாரணையை நிறுத்திவிடவில்லை. அதற்கென ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் செய்து, தாம் ஜெபத்திலும் வசன ஊழியத்திலும் நிலைத்திருந்தனர். ஜெபத்தைச் சாட்டி வேலையிலிருந்து விலகி நிற்போருக்கு இப்பகுதி துணை வராது. ஜெபத்தைக் காப்பதற்காகவே அங்கு வேலை பங்கிடப்பட்டது.

எமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டொன்று இந்நாட்டிலேயே உண்டு. சாக்சனி மாநிலத்தின் கிழக்கே, செக், போலந்து எல்லைகளுக்கு அண்மையில் ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூர் இருக்கின்றது. 1722 ஆம் ஆண்டில் அதனை அமைத்தவர்கள் அகதிகள். மொறேவியாவில் தம் விசுவாசத்தின்படி வாழ இயலாமல் எல்லை கடந்து வந்தோருக்குச் சின்சென்டோர்ப் பிரபு தமது நிலத்தில் இடங்கொடுத்தார். இந்தப் பிரபு இளமையில் ஹாலே நகரப் பள்ளியிற் படித்தபோது, தரங்கம்பாடியில் இருந்து மிஷனரிமார் அனுப்பிய செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர் என்பது தமிழர் அறியவேண்டிய ஒன்று.

ஒரே துன்பத்தைக் கடந்து வந்தவர்கள் ஒற்றுமையாக இருந்திருப்பார்கள் என எண்ணத் தோன்றும். அவ்வாறில்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் உபதேசத்தின் பேராலும் வழிபாட்டு முறையின் பேராலும் பிரிந்து நின்றனர். (வாசகர் சிலர் இங்கே புன்னகைக்கக்கூடும்.) 1727 மே மாதத்தில் பொது ஒழுங்கொன்றுக்கு உடன்பட்டனர்; ஆகஸ்ட் 13 அன்று அயலூரான பெர்தெல்ஸ்டோர்ப் ஆலயத்தில் ஒருங்கே திருவிருந்திற் பங்குபற்றினர். அம்மாதம் 27 ஆம் திகதி 24 ஆண்களும் 24 பெண்களும் நாளின் 24 மணித்தியாலங்களையும் பகிர்ந்துகொண்டு, ஒவ்வொருவரும் ஒரு மணித்தியாலம் ஜெபிப்பதெனப் பொருந்தினர். அந்தச் சங்கிலி ஜெபம் நூறு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தது என அச்சபையின் வரலாறு கூறும். ஐந்து ஆண்டுகளின் பின், 1732 இல், டோபர் என்னும் குயவரும் நிட்ச்மன் என்னும் தச்சரும் மேற்கிந்தியாவின் சென்ற் தோமஸ் தீவுக்கு, அங்கு அடிமைப்பட்டுக் கிடந்த மக்களிடம், சுவிசேஷத்துடன் புறப்பட்டனர்.

இவ்வரலாற்றில் நாம் வியப்பது நூறாண்டை அன்று, அந்த நேரசூசியை. பள்ளிக்கூடத்திற் பல ஆண்டு நின்றோருக்குத் தெரியும், நேரசூசியில் இடம்பெறாத பாடம் படிப்பிக்கப்படுவதில்லை. அங்கே நேரமும் ஆளும் குறிக்கப்பட்டன. போதகர் ஒருவர் மீது எல்லாம் சுமத்தப்படவில்லை. எமது மக்களில் நள்ளிரவு வரை உணவகச் சமையலறையில் நிற்போர் உளர். விடியுமுன் அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் போவோர் உளர். வெள்ளிக்கிழமை மாலைக் கூட்டத்திற்கு வரவில்லையென்று இவர்களைக் கடிவதிற் பயனில்லை. எல்லாரும் ஒரே நேரத்திற் கூட முடியாத சமூகத்திற்கே ஹெர்ன்ஹூட்டின் முறை மிகவும் பொருந்தும்.

எமது ஐக்கியத்தில் இவ்வாண்டு ஒரு கொப்பியில் 24 கோடுகள் இட்டு வைத்தோம். முதலில் நிரம்பியது விடியற்காலை மூன்று மணி. 2009 ஆம் ஆண்டில் வன்னியில் காணாமற்போன மகனைப் பற்றி இன்றுவரை தகவல் அறியாத தாயொருவர் அதைக் கேட்டு எடுத்தார். அந்நேரத்தில் எப்படியும் தாம் விழித்துத்தான் இருப்பதாகச் சொன்னார். கொப்பியின் பின்பக்கத்திற் புகலிட வழக்கு முடியாதோர், நோயாளர், பரீட்சை எழுதும் பிள்ளைகள் என்று எழுதப்பட்டுள்ள பெயர்களையும் அவர் ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிக்கின்றார். நான்கு மணிக்குப் பெயர் கொடுத்தவர், பேருந்துத் தரிப்பில் நின்றபடி தம் நேரத்தைத் தொடங்குகிறார்.

இதுவரை 17 கோடுகளிற் பெயர் விழுந்திருக்கின்றது. பிற்பகல் ஒன்று முதல் நான்கு வரையும், மாலை ஐந்து முதல் ஒன்பது வரையும் வெறுமை. பிள்ளைகளை வகுப்புகளுக்கு ஏற்றியிறக்கும் நேரம் அது. அவற்றைப் பிள்ளைகளிடமே கேட்டுப் பார்க்கலாமே என்றார் கடந்த கூட்டத்தில் ஒருவர். ஹெர்ன்ஹூட்டிலும் சிறுவர் கூடி ஜெபித்தனர். வரும் ஞாயிறு கொப்பியை ஞாயிறு பாடசாலை மேசையில் வைக்கிறோம்.