மாசிச் சாறில் ஒரு ஜப்பான் சோறு

அரிசியோட இறைச்சியையும் மரக்கறியையும் போட்டு, சோயா சோஸ் விட்டு, ஒரே சட்டியில அவிக்கிற ஜப்பான் சோற்றுக்குத் 'தகிகோமி கோஹான்' எண்டு பேர். வீடியோவில பார்த்தால் லேசுதான். கிளிவெட்டியில செய்ய வெளிக்கிட்டால் முதல் பிரச்சினை 'தாஷி', அதாவது அரிசி அவிக்கிற சாறு. கட்சுவோபுஷி எண்ட காய்ந்த மீனை மெல்லிசாச் சீவிப் போட்டு அதை எடுப்பாங்க. மூதூர்க் கடையில அதுக்கு எங்க போறது?

போகத் தேவையில்லை. கட்சுவோபுஷி எண்டது சூரை மீன். அவிச்சு, புகை போட்டு, கட்டை மாதிரிக் காய வைச்சது. நாங்கள் சம்பலுக்கு இடிச்சுப் போடுற மாசியும் அதே சூரை, அதே அவியல், அதே புகை. மாலைதீவுக்காரர் வெயிலில காய வைப்பாங்க. ஜப்பானில சில வகைக்குப் பூஞ்சணமும் பிடிக்க விடுவாங்க. ஒரு துண்டு மாசியை இடிச்சுக் கொதிதண்ணியில போட்டு வடிச்சன். மாசியில உப்பு இருக்கு, அதால சோஸைக் குறைக்க வேணும். மிரின் எண்ட இனிப்பு மதுவும் கேட்பாங்க. என்ர மூதூர்ச் சிநேகிதி சாப்பிட மாட்டாள், அதுக்குப் பதிலா ஒரு கரண்டி சீனி.

புழுங்கலரிசி ஒட்டாது, பச்சையரிசிதான் வேணும். அதை வெறும் தண்ணியில அரை மணித்தியாலம் ஊற வைக்க வேணும். சோஸை முதலிலேயே விட்டால் அரிசி தண்ணியைச் சரியா இழுக்காது, நடுவில வேகாமல் நிக்கும். பிறகு சோஸ், மாசிச் சாறு. அதுக்கு மேல சின்னனா வெட்டின கோழி, கரட், காளான். கிளறவே கூடாது, கிளறினால் அரிசி ஒருசீரா வேகாது. இறக்கிப் பத்து நிமிசம் மூடி வைச்சுத்தான் அடியில இருந்து புரட்ட வேணும். அடியில பிடிச்சதை ஜப்பான்காரர் 'ஒகோகே' எண்டு விரும்பிச் சாப்பிடுவாங்க.

அப்பம்மா சட்டியை எட்டிப் பார்த்திட்டு, "என்ன புள்ள, நிவாரணச் சாப்பாடா?" எண்டா.

அவ சம்பூர் ஆள். 2006 இல இடம்பெயர்ந்து, மட்டக்களப்புப் பக்கம் அலைஞ்சு, பிறகு கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில தகரத்துக்குக் கீழ வருசக்கணக்கா இருந்தவ. சம்பூர்க் காணிகள் 2015, 2016 இலதான் விடுபட்டது. முகாமில அரிசியும் பருப்பும் ஒண்டாப் போட்டு அவிச்சதுதான் அனேகமான நாளில சாப்பாடு. விறகு மிச்சம், சட்டியும் ஒண்டு போதும். இப்ப அவவுக்குச் சோறு வேற, கறி வேற, சம்பல் வேற, எல்லாம் தனித்தனிக் கோப்பையில வர வேணும். நான் இதைப் பழங்காலப் பிடிவாதம் எண்டு நினைக்கேல்ல.

ஜப்பானிலயும் இந்தச் சோற்றுக்குப் பின்னால பஞ்சம் இருக்கு. அரிசி காணாத வீடுகளில தினை, முள்ளங்கி, வத்தாளங்கிழங்கு கலந்து பெருக்கின 'கதேமேஷி'தான் இதின்ர மூத்த உறவு. இப்ப அதே கலவையைக் கோழியும் காளானும் போட்டு விருந்துக்கு வைக்கிறாங்க. வேற சாப்பாடு கிடைக்கத் தொடங்கின பிறகுதான் அது ருசியா மாறியிருக்க வேணும். அப்பம்மாவுக்கு முகாம் முடிஞ்சு பத்து வருசமும் போதேல்ல.

கோழியை மட்டும் பொறுக்கிச் சாப்பிட்டா. "மாசி வாசம் நல்லாத்தான் இருக்கு, நாளைக்கு அதைச் சம்பலுக்குப் போடு" எண்டா. அடியில பிடிச்சதை நானும் தம்பியும் சுரண்டினோம்.