கைக்கூலி என்ற இடத்தில் ஒரு கோடு



எங்கள் தாத்தாவின் நிக்காஹ்வுக்குக் கைக்கூலியாக ஐந்து லட்சம் ரூபாய், அலுமாரி, தையல் மெஷின் எல்லாம் கொடுத்தோம். பதிவுப் படிவத்தில் மஹர் இரண்டு பவுன் என்று எழுதினார்கள். கைக்கூலி என்ற இடத்தில் ஒரு கோடு. சீதனம் கூடாது என்று அப்போதுதான் பயான் முடிந்த சபை, யார் வாய் திறப்பது? பிள்ளைகள் கொப்பியில் திகதி போடாவிட்டால் திருப்பிக் கொடுக்கிற நாங்கள், அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுப் பேசாமல் புரியாணி சாப்பிட்டோம்.

பதினொரு வருடம், ஹட்டன் பக்கம் ஒரு சின்ன டவுனில் புடவைக் கடை. கடை மச்சான் பெயரில். தீபாவளி நெருங்கினால் தோட்டத்துப் பெண்களின் ஜாக்கெட்டுகளை இரவு இரண்டு மணி வரை தைத்தது தாத்தா. பத்தாம் திகதி தோட்டத்தில் சம்பளம் போட்டதும் கடன் கொப்பியைத் திறந்து கணக்குத் தீர்த்ததும் அவதான்.

தலாக் என்று வந்தபோது காதி நீதிமன்றத்துக்குப் போனோம். அங்கே சட்டத்தரணி ஆஜராக முடியாது, எங்களுக்காக நாங்களேதான் பேச வேண்டும். மஹரும் இத்தாக்காலச் செலவும் பெரிய பிரச்சினை இல்லாமல் முடிந்தன. கைக்கூலிக்கு வந்ததும் காதியார் கேட்டது ஒன்றுதான்: "எழுத்து எங்க?"

கல்யாணத்தில் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவரைச் சாட்சிக்குக் கேட்டோம். "ஞாபகம் இல்ல மகள்" என்றார். கடைசியில் இரண்டு லட்சத்துக்குச் சமாதானமானோம். தையல் மெஷினும் வந்தது.

1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலியைத் திருப்பிக் கேட்க மனைவிக்கு உரிமை தருகிறது. பணமும் அசையும் பொருளும் மட்டும்தான். வீடு, காணி என்றால் மாவட்ட நீதிமன்றம். அவளது உழைப்பில் வளர்ந்த கடையில் பங்கு என்ற பேச்சே அந்தச் சட்டத்தில் இல்லை. கணவன் சொத்து கணவனுக்கு, மனைவி சொத்து மனைவிக்கு என்று மார்க்கம் சொல்வது உண்மை. நல்ல ஏற்பாடு, மனைவி பெயரில் ஏதாவது இருந்தால். மலேசியாவில் ஷரீஆ நீதிமன்றங்களே, திருமண காலத்தில் சேர்ந்து தேடிய சொத்தை 'ஹர்த்தா செபென்சாரியான்' என்று பிரித்துக் கொடுக்கின்றன. வீட்டில் அவள் செய்த வேலையும் கணக்கில் வரும். அவர்களும் ஷாஃபி மத்ஹப், நாங்களும் ஷாஃபி மத்ஹப்!

இங்கே நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் அமைத்த குழு அறிக்கை கொடுக்க 2018 ஆனது.

அடுத்த மாதம் தங்கச்சிக்கு நிக்காஹ். "தொடங்க முந்தியே பிரிவப் பத்தி எழுதுறதா?" என்று மாமா கோபப்படுகிறார். தாத்தா பதில் சொல்லவில்லை. பழைய கடன் கொப்பியில் ஒரு வெள்ளைப் பக்கம் தேடி, கொடுக்கப்போகிற சாமான்களை விலையோடு ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு இருக்கிறா.