தெமோதரை வளைவும் தேள் மண்டலமும்

பதுளைக்குச் செல்வோர் புகையிரதத்திலேயே செல்லுதல் வேண்டும். கொழும்பிலிருந்து 292 கிலோமீற்றர் கடக்க ஒரு பகற்பொழுது கழியும் என்பது உண்மையே. ஆயினும் தெமோதரையைக் காணாது பதுளையை அடைந்தவன் பாதிப் பயணத்தை இழந்தவனாவான். நிலையத்தை நீங்கிய வண்டி குன்றைச் சுற்றி இறங்கிவந்து, தான் சற்றுமுன் நின்ற அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினுள் நுழைகிறது. பாதையை இறக்க வழி காணாது பொறியியலாளர் மயங்கி நின்றபோது, கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதே வழிகாட்டிற்று என்பர். வரலாறோ கதையோ, அத்தலைப்பாகைக்கு அப்புகழ் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே.

சென்ற ஆடியில், தோட்டப் பாடசாலை ஆசிரியரான நண்பரின் அழைப்பின் பேரில் ஊவா மலைத்தோட்டம் ஒன்றில் தங்கினேன். அக்காலத்தில் தென்மேற்குப் பருவமழை மலைகளுக்கு அப்பாலேயே நின்றுவிடுகிறது. வறண்ட காற்று வீசுகிறது. ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் ஏறுவதும் அப்போதுதான். வானமும் நன்கு துலங்கும்.

இரவு ஒன்பது மணியளவில் லயத்து வாசலில் அமர்ந்திருந்தோம். அண்டை வீட்டுப் பெண் சாதாரண தரத்தில் நன்கு தேறியவள். விஞ்ஞானம் கற்க வேண்டுமாயின் நகரப் பாடசாலைக்குச் செல்லவேண்டும். பஸ் கட்டணமும் தூரமும் பெற்றோரைத் தயங்கவைத்தன. கலைப்பிரிவே போதும் என்பது தந்தையார் கருத்து. தாயார் பேசவில்லை, விடிந்தால் கொழுந்து பறிக்கச் செல்லவேண்டியவர்.

தெற்கே தேள் உயர எழுந்திருந்தது. செந்நிறக் கேட்டையை யாவரும் அறிந்திருந்தனர். அதற்கு வடக்கே, நீட்டிய கையின் முட்டியளவு தள்ளி வெறுமையாய்த் தோன்றும் ஓரிடத்தைக் காட்டினேன்.

"எக்ஸ் கதிரைக் காணும் கண் நமக்கிருந்தால், சூரியனுக்கு அடுத்தபடி நிலையாக மிகுந்து ஒளிர்வது அங்கேதான் தெரியும்."

அப்பெண் உள்ளே ஓடித் தாயாரின் நெஞ்சுப் படத்தைக் கொண்டுவந்தாள்.

"இந்தக் கதிரா, சேர்? அப்படியானால் நம் மேல் படாதா?"

நல்ல கேள்வி! வளிமண்டலம் அதனை மேலேயே தடுத்துவிடுகிறது. ஆகவேதான் 1962 ஜூனில் அமெரிக்காவில் ரொக்கற்றில் கருவிகளை ஏற்றி அனுப்பினர். ரிக்கார்டோ ஜியாக்கோனியின் குழுவினர் தேடியது சந்திரனின் எக்ஸ் கதிரை. அகப்பட்டதோ இந்த ஸ்கோர்ப்பியஸ் எக்ஸ்-1. 2002இல் அவருக்கு நோபெல் பரிசும் கிடைத்தது.

"அங்கே என்ன எரிகிறது?" என்றார் தந்தையார்.

எரியவில்லை, விழுகிறது என்றேன். அங்கே இரண்டு நட்சத்திரங்கள் 19 மணிக்குச் சற்றுக் குறைந்த நேரத்தில் ஒன்றையொன்று சுற்றுகின்றன. ஒன்று நியூத்திரன் நட்சத்திரம். சூரியனை ஒத்த பொருட்டிணிவு ஏறத்தாழ 20 கிலோமீற்றர் குறுக்களவுக்குள், அதாவது எல்லவிலிருந்து பதுளைவரையுள்ள பாதையளவுக்குள், அடங்கிக் கிடக்கிறது. மற்றதன் வாயுவை அது இழுத்துக்கொள்கிறது. சுற்றிவரும் வாயு நேரே விழ இயலாது. வட்டமிட்டு வட்டமிட்டே இறங்கும்.

"தெமோதரை மாதிரி!" என்றாள் பெண். சற்று நின்று, "இறக்கத்தில் பிரேக் சூடாகுமே, அதுபோலவா?" என்றாள்.

அதுவேதான். வாயு தன்னுள் உராய்ந்து பல மில்லியன் பாகை வரை சூடேறி எக்ஸ் கதிரை உமிழ்கிறது. ஐதரசன் அணுக்கள் இணைவதால் பெறும் சக்தியினும் பத்து மடங்குக்கு மேல் இவ்வீழ்ச்சியில் வெளிப்படும். ஒரு வேறுபாடு உண்டு: புகையிரதம் சரிவு கடுமையானதால் வளைகிறது, வாயுவோ ஏற்கெனவே சுழல்வதால் வளைகிறது.

இத்தகைய இரட்டைகளை ஆராய இந்தியா 2015 செப்ரெம்பர் 28இல் அஸ்ட்ரோசாற்றை விண்ணில் ஏவியதையும், 1999இல் அமெரிக்கர் ஏவிய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி சந்திரா எனப் பெயர் பெற்றதையும் கூறினேன். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற தமிழர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரே அது. 1930இல், 19 வயதில், இங்கிலாந்து செல்லும் கப்பலில், வெண்குறு நட்சத்திரங்களின் பொருட்டிணிவுக்கு ஓர் எல்லை உண்டென்று கணித்தவர் அவர். பின்னர் சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கென அது நிலைபெற்றது.

"கப்பலிலா கணக்குப் போட்டார்?" என்று கேட்டாள் பெண். ஏனைய செய்திகளெல்லாம் அவளுக்கு இரண்டாம் பட்சமாயின.

தேள் மேற்கே சாயத் தொடங்கியது. தந்தையார் உறங்க எழுந்தார். தாயார் அப்படத்தை உறையிலிட்டுக்கொண்டே முதன்முறையாக வாய்திறந்து என் நண்பரைக் கேட்டார்:

"ஏங்க மாஸ்டர், டவுனுக்குக் காலையில மொத பஸ் எத்தனை மணிக்கு?"