நாய்த்தலை ஆணி

மரக்காணத்துக்கு ரயில் கிடையாது. ஆனாலும் அங்கே தாத்தா வீட்டுக் கொல்லையில், புளியமரத்தில் ஒரு தண்டவாள ஆணி இருக்கிறது. ஆரோவிலில் இருந்து ஈ.சி.ஆரில் போகும்போது உப்பளம் தென்பட்டதும் எனக்கு அந்த ஆணி ஞாபகம்தான் வரும்.

தாத்தா விழுப்புரம்–புதுச்சேரி பாதையில் கேங்மேன். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு 1879-இல் வந்த மீட்டர்கேஜ் பாதை அது. மரக்கட்டைமேல் தண்டவாளத்தை வைத்து, அதன் அடியைக் கவ்வுகிற மாதிரி இந்த ஆணியை இறக்குவார்கள். தலையின் இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் ‘டாக் ஸ்பைக்’, நாய் ஆணி. பிடுங்க வேண்டுமென்றால் அந்தக் காதில் கடப்பாரையைக் கொடுத்து நெம்ப வேண்டும்.

"ஆணி அடிச்சதோட வேலை முடிஞ்சுடாது. வண்டி ஓட ஓட மேல எழும்பும். திரும்பத் திரும்ப அடிக்கணும்" என்பார் தாத்தா.

அமெரிக்காவில் கிழக்கும் மேற்குமாகப் போட்டு வந்த பாதைகள் 1869 மே 10-இல் சேர்ந்தபோது தங்கத்தில் ஆணி செய்து விழா எடுத்தார்கள். விழா முடிந்ததும் அதை எடுத்துவிட்டு இரும்பு ஆணியைத்தான் அடித்தார்கள்.

எங்கள் வீட்டு ஆணிக்கும் ஒரு விழா நடந்தது. பதினெட்டு வயதில் அத்தைக்குப் பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றது, இருட்டினபிறகு உப்பளக் கரையில் தனியாக உட்கார்ந்தது, இவைதான் அறிகுறிகள். பூசாரி உடுக்கை அடித்தார். உச்சிமுடியில் ஒரு கொத்தை அறுத்து மரத்தில் வைத்தார். சின்ன ஆணி உப்புக்காற்றுக்கு நிற்காது என்று யாரோ சொல்ல, தாத்தா உள்ளே போய் இதை எடுத்து வந்தார். சம்மட்டியும் அவருடையதுதான்.

அடுத்த மாதமே கல்யாணம். இரண்டு வருஷத்தில் அத்தை திரும்பி வந்துவிட்டாள். பிறகு முப்பது வருஷம் உப்பளத்தில் வேலை. அங்கே உப்பு வார மரப்பலகைதான். இரும்பை உப்பு தின்றுவிடும்.

போன மாசம் போய்ப் பார்த்தேன். ஒரு காது உதிர்ந்திருந்தது. மிச்சத்தைப் பட்டை மூடிக்கொண்டு வருகிறது.

"அத்த, அன்னைக்கு வலிச்சுதா?"

"முடிய அறுத்தா வலிக்குமாடா? சத்தம்தான் இன்னும் கேக்குது." கொஞ்ச நேரம் கழித்து, "பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கு அந்த ஆளப் புடிக்கல, அவ்ளோதான்" என்றாள்.

தாத்தா அந்த மரத்துப் புளியைச் சாகும்வரை தொட்டதில்லை. அவருக்கு மட்டும் கடைப்புளி கரைத்துத் தனியாக ரசம் வைப்பாள் அத்தை.