ஈரம் உலராத கட்டை

சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், சின்னசேலத்தைக் கடந்து கிழக்கு நோக்கிப் பயணம் செய்வோருக்கு, இடப்புறத்தில் நீலநிற மலைத்தொடர் ஒன்று நெடுந்தூரம் துணை வரும். அதுவே கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்த இதனைச் சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரு கூறாகச் சொல்வார்கள். மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள் இங்கே வாழ்கின்றனர். கேரள நாட்டாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளலாகாது. 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த மலை இது. இங்கிருந்து இறங்கும் கோமுகி ஆறு, அடிவாரத்து அணையில் சற்றுத் தங்கிக் கள்ளக்குறிச்சிப் பக்கம் வருகிறது. அவ்வூர் 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று.

பொங்கல் கழிந்த வாரத்தில் நாங்கள் மூவர் அங்கே சென்றது மலை பார்க்க அன்று. எங்கள் பங்கின் சூசையப்பர் சுரூபம் சாந்தினால் ஆனது. சென்ற ஆண்டுச் சப்பர பவனியில் தூக்குவோர் கால் இடற, அதன் வலக்கை ஒடிந்துபோயிற்று. தோளில் ஏறி ஊர் சுற்றும் சுரூபம் மரத்தில் இருப்பதே நல்லது என்று பங்குப் பேரவை முடிவு செய்தது. பேரவைப் பொருளாளரும், பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கும் இளைஞர் ஒருவரும் நானும் புறப்பட்டோம்.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் பெயர் பெற்றது. பூம்புகார் எனப்படும் தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் 2013-இல் விண்ணப்பித்ததன் பேரில், 2021-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் செய்ததை இவ்வூர்ப் பெயர் சொல்லி விற்கலாகாது என்பதே அதன் பொருள். பெயரைக் காக்க அது உதவும். மற்றபடி பட்டறைக்குள்ளே உள்ள தொல்லைகள் வேறு.

நாங்கள் போன பட்டறை தகரக் கூரை வேய்ந்த நீண்ட கொட்டகை. தரையெங்கும் மரச்சீவல். சுவரோரம் அகலத்திலும் வளைவிலும் வேறுபட்ட உளிகள் நாற்பதுக்குக் குறையாமல் வரிசையாகக் கிடந்தன. முதிய சிற்பி கொட்டாப்புளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வரவேற்றார்.

"மலையிலிருந்துதானே மரம் வருகிறது?" என்று பொருளாளர் கேட்டார்.

"மலை பார்ப்பதற்கு, ஐயா. காப்புக்காட்டில் நாங்கள் கோடரி வைக்க முடியுமா? வரப்பிலும் தோப்பிலும் நின்ற வாகை, வேம்பு; மரக்கடைத் தேக்கு. அவ்வளவுதான்."

எங்களிடம் அவர் முதலில் கேட்டது உயரத்தையன்று. சுரூபம் எங்கே நிற்கும், மக்கள் எவ்வளவு கீழிருந்து பார்ப்பார்கள் என்பதை. தோளுக்கு மேலே செல்லும் உருவத்தின் முகம் சற்றே குனிந்திருக்க வேண்டுமாம். இல்லையேல் பார்ப்பவர் கண்ணுக்கு மோவாய்தான் தெரியும். அளவு சொல்லும் முறையும் புதுமையாக இருந்தது. முகத்தின் நீளம் ஒரு தாளம். அதைப் பன்னிரண்டாகப் பகுத்தால் ஒரு பங்கு ஓர் அங்குலம். இந்த அங்குலம் கடையில் விற்கும் அளவுநாடாவில் உள்ளதன்று. அந்த அந்த உருவத்துக்கே உரியது. ஆகவே முழ உயரமாயினும் ஆள் உயரமாயினும் உறுப்புகளின் பொருத்தம் மாறுவதில்லை.

நாங்கள் கொண்டுபோன படத்தை நெடுநேரம் பார்த்தார். "இவர் தச்சர்தானே?" என்றார். ஆம் என்றோம். "கையில் பூ இருக்கிறதே. மூலைமட்டம் ஒன்று கொடுக்கட்டுமா?" லீலி மலரும் மூலைமட்டமும் இரண்டுமே சூசையப்பருக்கு வழக்கமானவை என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. இந்து சமயத்தவரான அவருக்கு அப்போதுதான் அந்த வேலையில் உண்மையான ஆசை பிறந்தது என்று எண்ணுகிறேன்.

பிறகு வந்தது சிக்கல். மூன்றடிச் சுரூபம், திருவிழா மார்ச் 19. இரண்டு மாதம் போதாதா? அவர் பதில் சொல்லாமல், மூன்றாண்டாக நிழலில் கிடந்த வாகைக் கட்டை ஒன்றை உருட்டி, கரிய வைரம் தெரியும்படி ஆழமாக ஒரு வெட்டு வெட்டினார். உள்ளிருந்து எடுத்த சீவலை என் உள்ளங்கையில் வைத்தார். குளிர்ந்திருந்தது.

மேலே காய்ந்த மரம் உள்ளேயும் காய்ந்ததாகாது. பலகையானால் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது தச்சர் கணக்கு. கனத்த கட்டைக்கு அதனினும் அதிகம். மரம் நெடுக்குவாட்டில் ஏறத்தாழச் சுருங்குவதேயில்லை. குறுக்கே சுருங்கும், அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய போக்கில், நடுத்தண்டை நோக்கிய போக்கைவிட ஏறக்குறைய இரு மடங்கு சுருங்கும். இந்த ஏற்றத்தாழ்வைத் தாங்காமல் கட்டை வெளியிலிருந்து நடுவை நோக்கிப் பிளக்கிறது. வெட்டுமுகத்தில் சாணம் பூசி வைப்பது, அங்கே ஈரம் விரைந்து ஓடிவிடாமல் தடுக்கத்தான். மத்திய கால ஜெர்மானியச் சிற்பிகளும் ஆலயச் சுரூபங்களின் முதுகைக் குடைந்து நடுத்தண்டை நீக்கினார்கள். ஈரமும் சீராக வெளியேறும், எடையும் குறையும். நம் சிற்பியும் அதையே சொன்னார்: "பருவெட்டாக வெட்டி, முதுகைக் குடைந்து, ஒரு கோடை முழுவதும் காய விடுவேன். பிறகுதான் முகம்."

நீட்டிய கையை உடலோடு சேர்த்துச் செதுக்கினால் மர இழை குறுக்கே ஓடி எளிதில் ஒடியும். அதனால் கையைத் தனியே, இழை நெடுக ஓடும்படி செய்து, கழுந்தால் துளையில் பொருத்துவார்களாம். எங்கள் சாந்துச் சுரூபத்துக்கு நேர்ந்ததை நினைத்துக்கொண்டோம்.

இடையில் இளைஞர் தம் ஆசையைச் சொன்னார்: ஒரு மின்சார கிட்டாருக்கு இங்கே உடல் செதுக்கித் தருவீர்களா? குடைவில்லாத கட்டை என்றதும் பெரியவர் திகைத்தார். "வயிறு இல்லாமல் வாத்தியம் எப்படிப் பாடும், தம்பி?" தந்திக்குக் கீழே காந்தமும், அதைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பியும் உண்டு, எஃகுத் தந்தி அதிரும்போது கம்பியில் சிறு மின்னோட்டம் எழும், அதை ஒலிபெருக்கி முழக்கும். கலிபோர்னியாவில் லியோ பெண்டர் என்பவர் 1950-இல் இத்தகைய முழுக்கட்டை கிட்டார்களை விற்பனைக்குக் கொண்டுவந்தார். விரல் ஓடும் பலகைக்கு நம் நாட்டு ஈட்டி மரம் உலகெங்கும் விரும்பப்படுகிறது. இளைஞர் சொன்ன இவற்றையெல்லாம் கேட்டுவிட்டுப் பெரியவர், "காயாத பலகையானால் கோணிக்கொள்ளும், சுருதி நிற்காது" என்றார். கிட்டாரை ஒருமுறையும் தொட்டிராதவர் சரியாகவே சொன்னார்.

கணினியால் இயங்கும் செதுக்கு இயந்திரத்தைப் பற்றியும் கேட்டோம். கதவுப் பூவேலைக்கு அது போதும் என்று அவரே ஒப்புக்கொண்டார். மேலிருந்து மட்டும் இறங்கும் வெட்டுமுனையால், மடிந்து தொங்கும் ஆடையின் உட்புறத்தை எட்ட முடியாது. ஆயினும் பெரும்பாலோர் கேட்பது கதவுதான். ஆகவே வருமானம் அங்கே போகிறது. இது வருந்தத்தக்கதே. இயந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. காத்திருக்க மனமில்லாத நம்மைத்தான் சொல்ல வேண்டும்.

காய்ந்த சிறு துண்டுகளை ஒட்டிச் செய்தால் மார்ச்சுக்குள் முடியாதா என்று பொருளாளர் விடாமல் கேட்டார். "ஒட்டலாம், ஐயா. அதில் குற்றமில்லை, செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தோளில் குலுங்கிப் போகிற உருவம். ஒற்றை மரத்தில் என்றால் நான் செய்கிறேன்." நகரத்துக் கடையில் சாந்துச் சுரூபம் ஒரு வாரத்தில் கிடைக்கும், விலையும் மிகக் குறைவு. பொருளாளர் வெளியே சென்று, சாலையோரம் நின்று பங்குத்தந்தையோடு தொலைபேசியில் நெடுநேரம் பேசினார். திரும்பி வந்து முன்பணத்தை எண்ணி வைத்தார். இரசீதும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆகவே இம்முறை பழைய சுரூபமே சப்பரம் ஏறும். ஒடிந்த கையை மாலையால் மறைத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. பெரியவர் கட்டையின் வெட்டுமுகத்தில் சாணத்தைப் பூசிவிட்டு, பக்கவாட்டில் சுண்ணக்கட்டியால் "சூசையப்பர், 3 அடி" என்று எழுதினார். அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்கு உறுதிதானே என்று கேட்டோம். "வைகாசி வெயில் எப்படி என்று பார்ப்போம்" என்றார்.