1500 எழுத்துக்கள்

கடைசிக் கோப்பையையும் கழுவி அடுக்கிவிட்டு, கடைசி மெத்ரோவைப் பிடித்து அறைக்கு வர இரவு ஒரு மணியாகிவிடும். அதற்குப் பிறகுதான் எங்கள் ‘பல்கலைக்கழகம்’ ஆரம்பிக்கிறது. ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு பழைய கொம்பியூட்டர். மாணவர்கள் நாங்கள் இருவர். இருவருக்கும் முப்பது எப்போதோ கடந்துவிட்டது. எங்களில் ஒருவர் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்கையை முதலாம் வருடத்தோடு விட்டவர். மற்றவர் யாழ்ப்பாணத்தில் கலைப்பீடத்தின் இரண்டாம் வருடம் வரை போனவர். 2008, 2009 இல் அந்தப் படிப்புகள் எப்படி நின்றன என்பதை இங்கு விளக்கத் தேவையில்லை. இப்போது பாரிஸில் ஒரே ரெஸ்ரோரண்டில் ஒருவர் கோப்பை கழுவுகிறார், ஒருவர் சலாட் வெட்டுகிறார். யார் எது என்பது கிழமைக்குக் கிழமை மாறும்.

விட்ட இடத்திலிருந்து தொடங்குவதென்று சென்ற மாரியில் முடிவெடுத்தோம். தொடர்பாடலில் ஓர் இளமாணிப் பட்டம். லாச்சப்பலில் ஓர் அண்ணையிடம் சொன்னபோது அவர் உண்மையான அக்கறையோடு கேட்டார்:

“கொம்யூனிக்காசியோன் எண்டால் தம்பியவை, ரெலிபோன் கடை போடப் போறியளோ?”

சிரித்தோம். ஆனால் அவர் சொன்னது அவ்வளவு பிழையுமல்ல. 1948 இல் குளோட் ஷனன் என்ற அமெரிக்கர் தன் புகழ்பெற்ற கட்டுரையை எழுதியது ஒரு ரெலிபோன் கொம்பனியின் ஆய்வுகூடத்தில்தான். செய்தியை அனுப்புபவர், அது போகும் வழி, பெறுபவர், இடையில் புகுந்து குழப்பும் இரைச்சல் என்று அவர் வரைந்த படத்தை முதலாம் வருட வகுப்பில் மனப்பாடம் செய்தோம். அப்போது விளங்கவில்லை. விளங்கியது இங்கே, கோப்பை கழுவும் மெஷினுக்குப் பக்கத்தில். வெயிற்றர் அழுத்தினால் கட்டளை துண்டாகச் சமையலறையில் வந்து விழும், ஷெஃப் உரத்து வாசிப்பார், எல்லோரும் “வீ, ஷெஃப்” என்போம். மெஷின் இரைகிற நேரத்தில் என்ன சொன்னார் என்று கேளாமலே “வீ, ஷெஃப்” என்போம். ஷனனுக்கு அந்த இடத்தைக் காட்டியிருக்கலாம்.

ஸ்ருவர்ட் ஹோலை இங்கு வந்துதான் வாசித்தோம். ஜமேய்க்காவில் பிறந்து 1951 இல் இங்கிலாந்துக்குப் படிக்கப் போனவர். சொல்பவர் நினைத்த பொருளையே கேட்பவர் எடுத்துக்கொள்வார் என்று இல்லை என்பது அவர் 1973 இல் எழுதிய கட்டுரையின் சாரம். “ஹோட்டல் வேலை” என்று நாங்கள் ஊருக்குச் சொன்னோம். ஊரில் அதை மனேஜர் என்று எடுத்துக்கொண்டார்கள். நாங்களும் திருத்தவில்லை. இது ஹோலின் கட்டுரையில் இல்லாத பகுதி.

கணக்குப் பார்த்தோம். பட்டத்துக்கு மூன்று வருடம், 180 புள்ளி. ஒரு புள்ளிக்கு 25 முதல் 30 மணி நேரப் படிப்பு. வருடத்துக்கு 60 புள்ளி என்றால் 1500 மணிக்குக் குறையாது. லீவே இல்லாமல் படித்தாலும் கிழமைக்கு 29 மணி. வேலை பத்திரத்தில் 39 மணி, நடப்பில் அதற்கு மேல். ஆறு வருடத்தில் முடிப்பதாகத் திட்டத்தை மாற்றினோம். பணம் பயமில்லை. 2019 இல் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டணத்தை 2770 யூரோவாக உயர்த்தியபோது அகதிகளை அதில் சேர்க்கவில்லை. எங்களுக்குப் பிரெஞ்சுக்காரரின் கட்டணம்தான்.

இடறுவது பேப்பர். ஒருவருடைய உயர்தரச் சான்றிதழ் வீட்டோடு போய்விட்டது. பிரதி வேண்டுமென்றால் இலங்கைப் பரீட்சைத் திணைக்களத்துக்கு எழுத வேண்டும். அந்த அரசிடம் எங்களுக்குப் பாதுகாப்பில்லை என்று ஒப்பமிட்டு அகதியானவர்கள், அதே அரசிடம் ‘நாங்கள் படித்ததற்கு ஒரு கடிதம் தாருங்கள்’ என்று எந்த முகத்தோடு கேட்பது? கேட்டால் இங்குள்ள அகதி அந்தஸ்துக்கு ஏதும் வருமா என்ற பயம் வேறு. அகதிகளுக்கான அலுவலகம் பிறப்புச் சான்றிதழ் தரும். படித்ததற்குச் சான்று தராது.

வேறு கதவு ஒன்று இருக்கிறது. 1969 இல் வான்சென் காட்டுக்குள் திறந்த பல்கலைக்கழகம் பள்ளிச் சான்றிதழ் இல்லாத தொழிலாளர்களையும் சேர்த்தது. 1980 இல் அதை அங்கிருந்து பெயர்த்து சென்-டெனிக்கு அனுப்பினார்கள். அதுதான் இன்றைய பாரிஸ் 8. அதைவிட, செய்த வேலையையும் தானாகக் கற்றதையும் கணக்கிலெடுத்து ஒருவரைச் சேர்க்க 1985 ஆம் ஆண்டின் அரசாணை ஒன்று வழிசெய்தது. இரண்டு வருடமாவது படிப்பு நின்றிருக்க வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. வாழ்க்கையில் முதன்முறையாக எங்களுக்குத் தேவைக்கு மேலேயே தகுதி இருக்கிறது.

ஆகவே சான்றிதழ் உள்ளவர் பொதுவான வழியில், இல்லாதவர் அந்த ஆணையின் வழியில். எந்த வழியானாலும் ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று எழுத வேண்டும். பொது வழியில் அதற்கு 1500 எழுத்து, இடைவெளிகளும் சேர்த்து. இருவரும் அந்த அளவுக்கே எழுதுவதென்று வைத்தோம்.

ஒரு மாதமாக அதில் நிற்கிறோம். இலக்கணம் அல்ல பிரச்சினை. ‘நான்’ வரவில்லை. தமிழில் ‘வந்தேன்’ என்றால் போதும், நான் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. பிரெஞ்சில் அது இல்லாமல் வசனமே நிற்காது. சமையலறைப் பிரெஞ்சில் மட்டும் அது வேண்டியதில்லை: ‘வீ, ஷெஃப்’, ‘சூடு, வழிவிடு’, ‘வருகுது’. பத்து வருடம் அதிலேயே ஓடிவிட்டது.

ஒரேயொரு முறை பிரெஞ்சில் ‘நான்’ என்று எங்களைப் பற்றி எழுதப்பட்டது, அகதி வழக்கில். அதையும் காசு வாங்கிக்கொண்டு வேறொருவர் எழுதினார். “படிச்சவன் எண்டால் கேள்வி கூட வரும் தம்பி” என்று பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டார். தலையாட்டினோம். கோப்பில் நாங்கள் இருவரும் தோட்டம் செய்தவர்கள்.

நேற்றிரவு எங்களில் ஒருவர் எழுதினார்: ‘2008 இல் நான் தொடர்பாடல் மாணவனாக இருந்தேன்.’ அழித்தார். திரும்ப எழுதினார்.

“உதைப் போட்டால் மற்றக் கோப்போடை ஒத்துவராது மச்சான்.”

“யூனிவேர்சிற்றிக்காரன் மற்றக் கோப்பைப் பாக்கமாட்டான்.”

“பாக்கமாட்டான். ஆனால்...”

இன்னும் 360 எழுத்து மிச்சமிருந்தது. மூன்று மணிக்கு விளக்கை அணைத்தோம். அந்த வசனத்தை அழிக்கவில்லை.